கேஸ் பிளாண்டில் சாம்பிராணி

தூத்துக்குடி
9-3-44

கொழும்பில் கடை நடத்திவரும் மாமா சிவனணைந்தபெருமாள் அவர்கள் சமுகத்துக்கு, மருமகன் தாணுலிங்கம் வணங்கி எழுதுவது. இங்கே அம்மாவும் மற்றவர்களும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறார்கள். அங்கே தாங்களும் கடையும் அப்படியே இருக்கவேண்டும். மனசு விஷயம் கீழே.

ஆறுமுகநேரியிலிருந்து அத்தை எழுதிய கடிதம் இதற்கு முன்பே தங்களுக்கு வந்திருக்கும். யுத்தத்துக்காகக் கடிதம் பிரிக்கிற சென்சார்காரனும் அதைப் படித்துவிட்டு என்னை ஏசியிருப்பான். தங்கள் மகள் இன்பமணியை எனக்குத் தருவதில்லை, வைகாசியில் கல்யாணம் இல்லை என்று அதில் இருக்கும். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. அத்தையை நாலு பேர் முன்னால் ஏசியது தப்பு. ஆனால் ஏசின காரணம் சரி. அதைத் தங்களுக்கு விளக்கவேண்டியது என் கடமை.

போன சனி ஞாயிறில் இரண்டு குடும்பமும் சேர்ந்து பாபநாசம் மலைக்குப் போய் யானை பார்க்கலாம் என்று திட்டம் போட்டது நான்தான். மாசி மாசம் மலைமேல் ஒரு குளத்துக்குச் சாயங்காலம் யானைகள் தண்ணி குடிக்க வரும். வனக் காவலர் செபாஸ்டின் என் சிநேகிதர், மரத்துமேல் பரண் கட்டித் தருகிறேன் என்றார். பெட்ரோலுக்கு ரேஷன் என்பதால் எங்கள் பட்டறையில் நானே கேஸ் பிளாண்ட் பொருத்திய வேனைக் கேட்டு வாங்கினேன். பின்னால் இரும்புப் பீப்பாயில் கரி எரியும், அந்த வாயு பில்டரில் சுத்தமாகி என்ஜினுக்குப் போகும், வண்டி ஓடும். வெள்ளிக்கிழமை பில்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். திட்டத்தில் ஒரு குறை சொல்ல ஆள் கிடையாது. ஆட்களில்தான் குறை. விடிய ஏறச் சொன்னால் அத்தை வெயில் ஏறினபிறகு வருகிறார்கள், கூடவே இரண்டு ஓலைப்பெட்டி முறுக்கு, ஒரு சாக்கு கருப்பட்டி. “யானைக்கு வெறுங்கையாவா போறது”ங்கிறார்கள். ஏறும்போதே, “தீவாளிக்கு நான் எடுத்துக்குடுத்த செவப்புக் கரைத் துண்டை ஒரு நாளும் உம்ம தோள்ல காணலையே, மருமகனே”ன்னு கேட்டார்கள். வண்டி கிளம்புகிற நேரத்தில் துண்டு விசாரணையா. “வண்ணான் வீட்டுல கெடக்கு அத்தை, ஏறுங்க”ன்னு சொன்னேன்.

மலை அடிவாரத்தில் கரி போடுவதற்காகப் பீப்பாய் மூடியைத் திறந்தேன். உள்ளே தணல் செக்கச்செவேல்னு கிடக்கு. அத்தை மலையைப் பார்த்தார்கள், தணலைப் பார்த்தார்கள், இடுப்புப் பையிலிருந்து ஒரு பிடி சாம்பிராணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் போட்டதைப் பார்த்து எங்க அம்மையும் போட்டுக்கிட்டா. வண்டி முழுக்கக் கோயில் வாசம். முதல் ஏற்றத்தில் என்ஜின் இரண்டு தடவை இருமிச்சு, அப்புறம் நின்னுபோச்சு. நான் படித்தவன். சாம்பிராணி பிசின், அது உருகித் தார் மாதிரிப் போய் வால்வில் ஒட்டும். அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

“இது வண்டியா, உங்க குலசாமி கோயிலா? பட்டிக்காட்டு ஆளைக் கூட்டிட்டு வந்தேன் பாருங்க, என்னயத்தான் சொல்லணும்.”

“தீ எரியுத எடத்துல சும்மா நிக்கக்கூடாதுல்லா”ன்னு அத்தை மெதுவாச் சொன்னார்கள்.

இன்பமணி மட்டும், “கழட்டிப் பாத்துட்டு ஏசுங்க அத்தான்”னாள்.

“கழட்டிப் பாக்கது தெரியாதவன் செய்ற வேலை. எனக்குச் சத்தம் போதும்”னேன்.

அத்தை முறுக்குப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். ஏசியிருந்தால் நானும் ஏசி அன்றைக்கே தீர்ந்திருக்கும். கருப்பட்டிச் சாக்கைக் குரங்குகள் கவனித்துக்கொண்டன. அடிவாரம் வரை நடந்து இறங்கி, மாட்டு வண்டி பிடித்துத் திரும்பும் வழியில் அம்பாசமுத்திரத்தில் ஒரு கோயில் யானை எதிரே வந்தது. தங்கள் தம்பி பேச்சிமுத்து மாமா அதைப் பார்த்து, “ஏலே, இதத்தான திருச்செந்தூர்ல தெனமும் பாக்கோம். எங்கள நடக்க வச்சுல்லா காட்டுத”ன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. “இன்பமணி, வா ளா. கரி வண்டியும் வேண்டாம், கரிவாய் மாப்பிள்ளையும் வேண்டாம்”னு சொல்லிட்டு ரயில் ஏறிப் போய்விட்டார்கள். ஜன்னலில் இன்பமணி முகம் தெரியுதான்னு பார்த்தேன். தெரியவில்லை. அன்று சாயங்காலம் குளத்துக்கு ஒரு கூட்டமே வந்ததாம், குட்டி ஒன்று தண்ணீரில் விழுந்து விளையாடியதாம், செபாஸ்டின் எழுதியிருக்கிறார். அதை இன்பமணி பார்க்கவேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தேன். இப்போது ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகவே, சாம்பிராணி போட்டதால் என்ஜின் கெட்டது என்பதை அத்தை ஒத்துக்கொண்டால், ஏசியதற்கு நான் மன்னிப்புக் கேட்கத் தயார். தாங்கள் அத்தைக்கு இப்படியே எழுதிச் சமாதானம் செய்துவைக்க வேண்டும். செந்திலாண்டவர் தங்களையும் கடையையும் காக்க வேண்டுகிறேன். அங்குள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம்.

தங்கள் மருமகன் (இன்னும் அப்படித்தான் என்று நம்பும்)
தாணுலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். என்ஜினைப் பிரித்தேன். வால்வுகள் பளபளவென்று இருக்கின்றன. பிசினும் இல்லை, தாரும் இல்லை. பிறகு பில்டரைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை துடைத்துவிட்டு நான் உள்ளேயே விட்ட துணி, ஏற்றத்தில் என்ஜின் உறிஞ்சிய வேகத்தில் போய்க் குழாய் வாயை அடைத்திருக்கிறது. துணி என்று எழுதிவிட்டேன். சிவப்புக் கரைத் துண்டு. மேலே எழுதியது எதையும் அத்தைக்குத் தாங்கள் எழுதவேண்டாம். மூன்று தடவை சோப்புப் போட்டுத் துவைத்தேன், கரி போகவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஆறுமுகநேரி போகிறேன். அதையேதான் தோளில் போட்டுக்கொண்டு போகிறேன்.