கட்டுரையோடு போன கியா

செயின்ட் பால், மின்னசோட்டா
பிப்ரவரி 11

மதிப்புக்குரிய உதவித்தொகைக் குழுத் தலைவி அம்மாவுக்கு நெங் மௌவா பணிவுடன் எழுதிக்கொள்வது. இந்தக் குளிரில் நீங்களும் பிள்ளைகுட்டிகளும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கு நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

பல இன மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு, 'உன் பின்னணியை எழுது' என்று கேட்டிருந்தீர்கள். என் மகள் கியா எழுத உட்கார்ந்தாள். பிறந்தது இந்த ஊர் ஆஸ்பத்திரி, வளர்ந்தது ஹீட்டர் பக்கம், அவளுக்கு என்ன பெரிய பின்னணி? பள்ளிக்கூட இங்கிலீஷ் டீச்சர், இன்னும் ஆழமாக எழுது என்று மூன்று தடவை திருப்பிவிட்டார். நானாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆறு வயதில் போருக்குத் தப்பி, மூங்கில் கட்டைப் பிடித்துக்கொண்டு மீகாங் ஆற்றைக் கடந்ததை, என் மனைவி யெரிடம்கூட இத்தனை வருஷமாகச் சொல்லாததை, ஒரே மூச்சில் கொட்டித் தொலைத்தேன். அவளும் எழுதி அனுப்பிவிட்டாள். அன்று பிடித்தது சனி.

கியான்னு கூப்பிட்டா திரும்புறதே இல்லை. அவளுக்குத் தட்டு வைத்தால் தாயும் மகளும் என் மூஞ்சியையே பார்க்கிறார்கள். காலையில் தரைவிரிப்பில் ஈரக் காலடித்தடம். பதினேழு வயசுப் பொண்ணு, தடம் என் உள்ளங்கை அளவுதான் இருக்கு! உங்கள் அலுவலகத்துக்கு மூன்று தடவை போன் செய்தேன், அந்தப் பெயரில் விண்ணப்பமே வரவில்லை என்கிறார்கள். எங்கள் ஹ்மாங் வழக்கத்தில், பயந்த உயிர் உடம்பை விட்டுப் போய்விடும். வாசலில் முட்டையும் சோறும் கோழியும் வைத்துப் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பி வரும். போன சனிக்கிழமை அழைத்தேன். கோழி வாசனைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்தார். என் மகள் உயிர் அந்தக் கட்டுரையோடு உங்கள் அலமாரியில் இருக்கிறது. உங்க பணம் வேண்டாம் தாயி, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

உங்கள் அலமாரியில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் பத்திரமாக வீடு சேரட்டும், உங்கள் குடும்பம் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
நெங் மௌவா

பின்குறிப்பு: அம்மா, இதை எழுதுவது அவர் மகள். அப்பா உறையை என்னிடம்தான் ஒட்டக் கொடுத்தார். என் பெயர் ஷெங். அந்தப் பெயரில் தேடினால் கட்டுரை கிடைக்கும். கியா, ஆற்றில் அப்பாவின் கையை விட்டு நழுவிய நாலு வயதுத் தங்கை. அதை எனக்கே நடந்ததுபோல, என் கை, என் தங்கை என்று எழுதிவிட்டேன். அனுப்பிய நாளிலிருந்து அப்பா என்னைக் கியா என்கிறார். போனது என் உயிர் அல்ல, அவருடையது. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவும் நானும் அப்பா பெயரைச் சொல்லி அழைக்கப்போகிறோம். அன்று விடுமுறை என்றால் ஒரு ஜன்னலையாவது திறந்து வையுங்கள்.

தாமதிக்க வேண்டாம். நேற்று அவர் கூப்பிட்டபோது மனசு கேட்காமல், "இதோ வந்துட்டேண்ணா" என்று சொல்லிவிட்டேன். இன்று காலை ஈரத்தடம் என் கட்டில்வரை வந்திருக்கிறது.