கேட்டால் போதும் என்றார்கள்

அன்புக்கும் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

இங்கு நலம். அங்கு நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். இங்கே வர டிக்கெட் எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து அதை ரத்து செய்துவிடு.

என் மகளுக்கு நான்கு மாதமாக, யாரும் பேசாதபோதும் காதில் ஒரு குரல் கேட்கிறது என்று முன்பே எழுதினேன் அல்லவா? ஆரம்பத்திலேயே அழைத்து வந்தது நல்லது என்றார் டாக்டர். மாத்திரையோடு இரண்டு விதப் பேச்சு சிகிச்சையும் தருகிறார்கள். ஒருவர் அவளோடு தனியாக உட்கார்ந்து, அந்தக் குரல் சொல்வது உண்மைதானா, அதற்கு ஆதாரம் என்ன என்று அவளே சோதித்துப் பார்க்கக் கற்றுத்தருகிறார். இன்னொரு அம்மாள் எங்கள் மூவரையும் உட்கார வைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பாயக்கூடாது என்கிறார். "ரெண்டும் சேர்ந்தாதான் பலன். வீட்டுல நீங்க கேட்டா போதும் சார்" என்றும் சொன்னார்.

கேட்டேன். முப்பது வருடம் விசாரணைப் பிரிவில் குப்பை கொட்டியவனுக்குக் கேட்கவா தெரியாது? அந்தக் குரல் ஆணா பெண்ணா, இன்றைக்கு என்ன சொன்னது, ஆதாரம் எங்கே என்று காலை டீயிலிருந்தே ஆரம்பித்துவிடுவேன். "டீ ஆறுது, குடிங்க" என்றாள் என் மனைவி. அதற்கும் ஆதாரம் கேட்டேன். மூன்றாம் நாள் மகள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களை விட்டுவிட்டு அந்தக் குரலோடேயே இருந்துவிடுவாளோ என்று பயந்துபோனேன்.

அந்த அம்மாளிடம் போய்ப் புலம்பினால், அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ சார், கேள்வி கேக்கச் சொல்லலை. காது குடுத்துக் கேக்கச் சொன்னேன். ஆதாரம் தேடச் சொல்லித்தர்றது அவளைத் தனியா பாக்குறவரோட வேலை."

அன்றிலிருந்து வாயைத் திறப்பதில்லை. நேற்று அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு கேட்டேன். இந்த நேரத்தில் நீ வந்தால் என்ன ஆகும்? ஒரே மூச்சில் ஒன்பது கேள்வி கேட்டு, பதிலையும் நீயே சொல்லிவிடுகிறவள் நீ. கோபித்துக்கொள்ளாதே. அவள் தேறட்டும், நானே வந்து உன்னை அழைத்து வருகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் வாயடைத்த தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் இதைப் படித்துவிட்டாள். "அத்தையை வரச் சொல்லுங்கப்பா. அவங்க இருந்தா அந்தக் குரலுக்குப் பேச இடமே கிடைக்காது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தாள் அக்கா, நான்கு மாதத்துக்குப் பிறகு. டிக்கெட்டை ரத்து செய்யாதே. முடிந்தால் அதற்கு முந்தைய வண்டியிலேயே வந்துவிடு.