தாளிப்பு மாமா தாளிக்காத நாட்கள்

மேற்கு மாம்பலத்தில் மின்சார ரயிலை நம்பாதவர்கள்கூடத் தாளிப்பு மாமாவை நம்பினார்கள். காலையில் அவர் வாணலியில் கடுகு வெடித்தால்தான் எங்கள் சந்தில் பொழுது விடிந்ததாக அர்த்தம். அவர் வீட்டு மாடியில் குடியிருந்த நாங்கள் யாரும் கைபேசியில் அலாரம் வைத்துக்கொண்டதில்லை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கேட்கத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கீழே அவருடைய மெஸ். மேலே நாலைந்து அறைகளில் வேலைக்குப் போகும் கல்யாணமாகாத பையன்கள். சாம்பாரைக் குறை சொன்னவனுக்கு மறுநாள் இலை கிடையாது. அதிலும் தாளிப்பைப் பற்றிப் பேச்சே கூடாது. “தாளிக்காத சாம்பாருக்குப் பேரே கிடையாதுடா. அது வெறும் பருப்புத் தண்ணி” என்பார், கரண்டியை நம் மூக்குக்கு நேராக நீட்டி.

அப்பேர்ப்பட்டவர் ஒரு கோடையில் மெஸ் முழுவதற்கும் பருப்புத் தண்ணி ஊற்றினார். காரணம் என் அறைத் தோழன் செல்வம்.

செல்வம் தென்காசிப் பக்கத்துக்காரன். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை. நல்ல உடம்பு. மாமா அவனைக் கூப்பிடுவதே ‘தடியா’ என்றுதான். காய்ச்சல் என்று படுத்தவனுக்கு ஒரு காலை மார்பிலும் முதுகிலும் நீர் கோத்த கொப்புளங்கள். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டது. அதனால் அறையில் தங்கிக்கொண்டேன். மற்றவர்களில் அம்மை வராதவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்குக் கிளம்பினார்கள்.

சேதி கேட்டு மாமா மாடியேறி வந்தார். செருப்பை வாசலில் விட்டார். செல்வத்தைப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பினார்.

“தாயே, எப்போ வந்தே?”

செல்வம் மெல்லத் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். சுவர்தான் இருந்தது. “யாரைல கும்பிடுதாரு?” என்று என்னிடம் முனகினான்.

அன்றிலிருந்து சட்டம் மாறியது. வாசலில் வேப்பிலை. நோய் என்று யாரும் சொல்லக்கூடாது. ‘அம்மா வார்த்திருக்கா’ என்று சொல்ல வேண்டும். பார்க்க வந்தவர்கள் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லாமல் எழுந்து போக வேண்டும். அம்மை கண்ட வீட்டில் எண்ணெய் காயக்கூடாது என்பதால் வறுவல் கிடையாது, அப்பளம் கிடையாது, தாளிப்பு கிடையவே கிடையாது. ஒருவன் தெரியாத்தனமாகக் கைபேசியில் பிரியாணி வரவழைத்துவிட்டான். மாமா அதை வாசலிலேயே மடக்கினார். அவன் தெருமுனை டீக்கடையில் நின்று, திருடியவன் மாதிரி சாப்பிட்டுவிட்டு வந்தான்.

மெஸ்ஸுக்கு வழக்கமாக வரும் வங்கிக்காரர் ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன மாமா, ரசத்துல உயிரே இல்லையே?”

“உயிர் மாடில இருக்கு. அது நன்னா இருக்கட்டும். நீர் குடியும்.”

இன்னொரு சட்டமும் உண்டு. அம்மை கண்டவர் கேட்பது எதுவானாலும் அது அம்மன் கேட்பது, மறுக்கக்கூடாது. இதைக் கண்டுபிடித்த செல்வம் முதல் சில நாள் ராஜா மாதிரி இருந்தான். நுங்கு என்றான், வெயிலில் மாமா அலைந்து வாங்கி வந்தார். இளநீர் என்றான், வந்தது. அரிப்பு தாங்கவில்லை என்றான். மாமா பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலைக் கொத்தால் வருடினார்.

“தடியனை இப்படித் தாங்குறீங்களே மாமா” என்றேன்.

“தடியன் இல்லடா இப்ப. அவ இருக்கா. வாயை அலம்பிண்டு பேசு.”

பிறகு இருமல் வந்தது. காய்ச்சல் இறங்க மறுத்தது. படுத்திருந்தவன் மூச்சுக்காக எழுந்து எழுந்து உட்கார்ந்தான். குழந்தைகளுக்கு விளையாட்டாகப் போகிற அம்மை பெரியவர்களுக்கு நெஞ்சில் இறங்கிவிடும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். மாமாவிடம் ஓடினேன்.

“டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும் மாமா.”

“அம்மாவுக்கு ஊசி போடறதாவது! எங்காத்துல எல்லாருக்கும் வார்த்திருக்கு. ஒருத்தரும் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்லை. வந்தவ தானா இறங்குவா.”

சொன்னாரே தவிர, அன்று முழுக்க அவர் மெஸ்ஸில் நிற்கவில்லை. மாடிப்படிக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் காலை செல்வத்தால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. உதடு வெளுத்திருந்தது. நான் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டேன். மாமா அறை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார். கோபம் மாதிரித்தான் இருந்தது. அப்போது பாயிலிருந்து குரல் வந்தது.

“டாக்டரை... பாக்கணும்.”

மாமா திரும்பினார். “யாரு கேக்கறா?”

செல்வம் மூச்சை இழுத்துச் சேர்த்தான். புடவைக் கடையில் ஆயிரம் பெண்களின் மனசைப் படித்தவன் அவன். மாமாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

“அம்மாதான்... கேக்கேன்.”

விரித்திருந்த கை இறங்கியது. “உத்தரவு” என்றார் மாமா. நான் அசையும் முன்பே அவனைத் தோளில் சாய்த்துத் தூக்கிவிட்டார்.

ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னா சார், அம்மா போட்டுகீதா? ஏறு நைனா, ஏறு. நம்ம வண்டில அம்மா வர்றதுன்னா குட்த்து வச்சிருக்கணும்.”

துரைசாமி சுரங்கப்பாதையில் வழக்கம்போல வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. மாமா வேப்பிலைக் கிளையோடு பாதி உடம்பை வெளியே நீட்டினார். “வழி விடுங்கோ! அம்மா வரா!” மோட்டார் சைக்கிள்கள் ஒதுங்கின. ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சென்னையில் ஆம்புலன்ஸுக்குக்கூட அப்படி வழி விட்டு நான் பார்த்ததில்லை.

சுரங்கப்பாதையைத் தாண்டியதும் மாமா உள்ளே சரிந்து உட்கார்ந்தார். எங்கள் பக்கம் பார்க்காமல் சொன்னார்: “அம்மா வார்த்த என் தம்பி, போறவரைக்கும் வாயைத் திறந்து கேக்கவே இல்லடா. கேட்டிருந்தா அப்பா அழைச்சுண்டு போயிருப்பார்.”

ஆஸ்பத்திரி வரும்வரை வேப்பிலைக் கிளையால் செல்வத்தின் முகத்துக்கு விசிறிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டதுமே முகம் மாறினார். படம் எடுத்தார்கள். தனி அறை, பிராண வாயு, கையில் ஊசி. “நல்லவேளை, இன்னைக்கே வந்தீங்க” என்றவர் மாமாவைப் பார்த்து, “நீங்க இவங்க அப்பாவா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. பக்தன்.”

செல்வம் தேறி வீடு திரும்பியபோது டாக்டரம்மா சொல்லி அனுப்பியதெல்லாம்: மாத்திரையை வேளை தப்பாமல் போட வேண்டும், நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், கொப்புளத்தைக் கிள்ளக்கூடாது, நிறைய நீராகாரம், பருத்தித் துணி, எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை கர்ப்பிணிகளும் அம்மை வராதவர்களும் கிட்டே வரக்கூடாது. “பாதி நான் சொன்னதுதானே!” என்றார் மாமா. மாத்திரையை வாழையிலையில் வைத்து, “எடுத்துக்கோ தாயே” என்று நீட்டினார். தடவக் கொடுத்த மருந்து சந்தன நிறத்தில் இருந்ததால் அதற்கு ஆட்சேபணை இல்லை. தினமும் குளிக்கலாம் என்றதுதான் அவரை உலுக்கிவிட்டது. நேரே செல்வத்திடம் போய்க் கேட்டார்: “என்ன சொல்றே தாயே?”

“குளிக்கலாம்” என்றது தாய், உடனே.

ஆனாலும் பொருக்கெல்லாம் உதிர்ந்தபிறகு மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை, முறைப்படி, மாமாவே அவன் தலையில் ஊற்றினார். ஊற்றிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கடுகு வெடித்தது. பெருங்காயமும் கறிவேப்பிலையும் மாடிக்கு ஏறி வந்தன. மெஸ்ஸுக்குத் திரும்பியிருந்த பையன்கள் அத்தனை பேரும் அறைகளைவிட்டு வெளியே வந்து நின்றார்கள். கீழேயிருந்து பழைய குரல்.

“டேய் தடியா! இலை போட்டாச்சு. உனக்குத் தனியா வந்து வெத்தலை பாக்கு வைக்கணுமோ?”

இத்தனை நாள் கும்பிடு வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்த செல்வம், படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

அன்றைக்குச் சாம்பாரில் கடுகு கொஞ்சம் தீய்ந்திருந்தது. மாமாவின் வாழ்க்கையில் அதுவரை நடக்காத விஷயம். நாங்கள் எல்லோரும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டோம்.