கொடுவா மீன் தலையும் என் கல்யாணமும்

படித்ததை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்ளத் தெரியாதவன் பெண் வீட்டுக்குச் சாப்பிடப் போகக் கூடாது. நான் போனேன்.

விலங்கியல் முடித்து, திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றில் வாத்தியாராகச் சேர்ந்த புதிது. எனக்குத் தெரியாத பிராணியே உலகத்தில் இல்லை என்று நினைப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில், ஸ்டெல்லா வீட்டில் சாப்பாடு. காதலித்தது நாங்கள், சம்மதம் சொல்ல வேண்டியது துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் அப்பா. பையனைப் பிடித்திருந்தால் மீன் தலையைத் தன் கையாலேயே எடுத்து அவன் தட்டில் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். வால் விழுந்தால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

காசிமேட்டில் அவரே பார்த்து ஒரு ராட்சசக் கொடுவா வாங்கியிருந்தார். கரண்டியில் ஏறிய தலை என் தட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

“சைஸ பாத்தியா நைனா? ஆம்பள மீனு! சிங்கம் மாரி கீது.”

சும்மா தலையாட்டியிருக்கலாம். (விதி விட்டால்தானே!)

“இல்ல அங்கிள், இது பொம்பள. கொடுவா மொதல்ல ஆணாத்தான் வயசுக்கு வரும். நல்லா பெருசானதும் பெண்ணா மாறிடும்.”

கரண்டி அந்தரத்தில் நின்றது.

“இன்னாது? ஆம்பள பொம்பளையா மாறுமா?”

அத்தோடாவது நிறுத்தினேனா?

“இதாவது பரவால்ல அங்கிள். மண்புழு ஒரே உடம்புல ரெண்டுமா இருக்கும். செம்பருத்திப் பூவும் அப்படித்தான். கோமாளி மீன்ல பொண்டாட்டி செத்துட்டா புருஷனே பொம்பளையா மாறிடுவான்!”

(ஸ்டெல்லாவின் அம்மா முழு ஆரோக்கியத்துடன் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.)

தலை மறுபடி சட்டிக்குள் போனது. “ஸ்டெல்லா, இவுரு வேணாம்மா. பேஜாரு புடிச்ச ஆளா கீறாரு. நாளைக்கு நம்மளயே இன்னா சொல்வாரோ!”

ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி வெந்துவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு.

அவள் அம்மா அடுப்படிக்குப் போய், தட்டு நிறைய வறுத்த மீன் சினையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

“அது வயித்துல இருந்துச்சு. புள்ள சரியாத்தான் சொல்லுது.” புருஷனை ஏற இறங்கப் பார்த்தார். “பெருசுன்னா அது பொம்பளதான். கல்யாணமான நாள்லேர்ந்து நானும் அதான் சொல்லிகினு கீறேன். தலைய வையி.”

வைத்தார்.

கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இன்றும் கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோர் தட்டிலும் பெரிய துண்டு விழும். எனக்கு மட்டும் மாமனார் விரல் நீளத்தில் ஒரு கொடுவாக் குஞ்சைத் தேடி வாங்கி வந்து, முழுசாக வைப்பார்.

“துன்னு மாப்ள. இது இன்னும் ஆம்பளதான்.”

வீடே சிரிக்கும். அந்த வயதில் அது ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிடுவேன்.