இருபது நிமிஷம் பொறுங்க

சோதனைச் சிகாமணிகள் என்றொரு இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். பிறந்தநாள் விருந்துக்கு நீங்களும் நானும் பொம்மையோ பூவோ கொண்டுபோவோம்; இவர் கொண்டுபோவது செருப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. உணவில் ஒரு துணுக்கை எடுத்துக் குப்பியில் போட்டு, குலுக்கி, உள்ளே வைத்தால், அதில் வேர்க்கடலையின் மரபணு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று இருபது நிமிடத்தில் சொல்லிவிடும். வெளியே வரும் காகிதப் பட்டையில் ஒரு கோடு வந்தால் பயமில்லை. இரண்டு வந்தால் ஆபத்து.

கருவி நல்ல கருவிதான். என் கோபமெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்மேல்.

எனக்குத் தெரிந்த சிகாமணிக்கு ஒரு தங்கை; தங்கைக்கு ஏழு வயது மகள். வேர்க்கடலைத் தூள் உதட்டில் பட்டாலே தொண்டை வீங்கி மூச்சடைத்துவிடும் அந்தக் குழந்தைக்கு. ஒருமுறை ஆஸ்பத்திரி வரை போய்ப் பிழைத்து வந்த பிள்ளை. அன்றிலிருந்து தாய்க்காரி ஒவ்வொரு பொட்டலத்தின் முதுகையும் படித்துவிட்டுத்தான் வாங்குவாள்; பிறந்தநாள் கேக்கையும் அவளேதான் செய்வாள். அப்படிப்பட்ட வீட்டுக்கு வந்துதான் நம்மவர் மேசைமேல் கடை பரப்பினார்.

"யாரும் தொடாதீங்க! இருபது நிமிஷம் பொறுங்க."

"அண்ணா, எல்லாம் நானே பண்ணினது."

"கேக் நீ பண்ணினே. மாவு யாரு அரைச்சது?"

எல்லாவற்றிலும் துணுக்கு எடுத்துக் குப்பிகளை வரிசையாக நிறுத்தினார். கருவியோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்கும். கேக்குக்கு இருபது நிமிடம், சூப்புக்கு இருபது, ரொட்டிக்கு இருபது, விட்டேனா பார் என்று குடிதண்ணீருக்கும் ஒரு இருபது. சூப் ஆறியது, விருந்தாளிகள் கொட்டாவி விட்டார்கள், மைத்துனர் பசியில் நகத்தைக் கடித்தார். சிகாமணி மட்டும் வாடவேயில்லை. எப்படி வாடுவார்? அடிக்கடி பால்கனிக்குப் போய், சட்டைப்பையிலிருந்து எடுத்து எடுத்துக் கொறித்துக்கொண்டல்லவா இருந்தார்!

கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே கோடு. வெற்றிப் புன்னகையோடு ஒரு துண்டு கேக்கைக் கையில் எடுத்து, குழந்தையின் வாயருகே கொண்டுபோனார்.

"ஆ காட்டு கண்ணு. மாமா கேரண்டி!"

குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

"மாமா, கை கழுவினீங்களா?"

"என் கைக்கு என்ன? சுத்தமாத்தான் இருக்கு."

"அப்போ அதையும் பெட்டியில பாருங்க."

எல்லோர் முன்னாலும் மறுக்க முடியுமா? பஞ்சால் விரலைத் துடைத்துக் குப்பியில் போட்டார். இந்த இருபது நிமிடம் மட்டும் யாருக்கும் கொட்டாவி வரவில்லை.

இரண்டு கோடு.

தங்கை பாய்ந்து வந்து மகளை வாரி எடுத்துக்கொண்டாள். "என்ன காரியம் பண்ணப் பாத்தீங்க அண்ணா! கொஞ்சம் விட்டிருந்தா என் பிள்ளை என்ன ஆகியிருக்கும்?" என்று அழுதாள்.

சிகாமணி அந்த இரண்டு கோட்டுப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாத்தியாம்மா? என்னா துல்லியம்! இது மட்டும் இல்லேன்னா இன்னிக்குக் குழந்தை கதி?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படிக்கும்போதே உங்கள் அத்தான், அலுவலக மேலாளர், எதிர்வீட்டுக்காரர் என்று நாலைந்து முகங்கள் வரிசையாக வந்து நின்றிருக்குமே? அந்த வரிசையில் உங்கள் முகம் இல்லைதானே?

இந்த இனத்துக்கு முதல் அறிகுறி அதுதான்.