களைப்பை ஒளிப்பவர்

மனிதர்கள் சம்பளத்தை ஒளிப்பார்கள், வயதை ஒளிப்பார்கள், விருந்தாளி தலை தெரிந்தால் முறுக்கு டப்பாவை ஒளிப்பார்கள். இதெல்லாம் சாதாரண ஜனங்கள் செய்கிற காரியம். களைப்பை ஒளிப்பதற்கென்றே ஓர் இனம் இருக்கிறது. அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் பார்த்தபோது அது உட்கார்ந்திருந்திருக்காது. எப்படி இருக்கிறீர்கள் என்று ஆரோக்கியமான மனிதரைக் கேட்டுப் பாருங்கள்: முட்டியில் ஆரம்பித்து மூச்சு வாங்குவது வரைக்கும் பட்டியல் படிப்பார். உண்மையிலேயே உடம்பு சரியில்லாதவரைக் கேளுங்கள். "எனக்கு இன்னா? ஒண்ணுமில்லையே" என்பார்.

முதல் தரமான மாதிரி வேண்டுமானால், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருட்டு ஆலை. அங்கே கட்டிகளைச் சிவக்கக் காய்ச்சும் ஃபர்னஸுக்கு ஷிஃப்ட் இன்சார்ஜ் பாக்கியநாதன். வயது ஐம்பத்தொன்று, சர்வீஸ் இருபத்தாறு வருஷம், ஊர் ஆரம்பாக்கம். போன வருஷம் ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தான் போட விரல் மடங்கவில்லை. முடக்குவாதம் என்றார் டாக்டர். ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அடடா, அந்த முதல் மாதம்! விரல் மடங்கியது, முட்டி மடங்கியது, மனிதர் மட்டும் எதற்கும் மடங்கவில்லை. விடியற்காலை எழுந்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார், பக்கத்து வீட்டு மோட்டாரைக் கழற்றி மாட்டினார், நாஷ்டாவுக்கு ஒன்பது இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்தாவது எங்கே என்று தேடினார். முகம் உப்பி உருண்டையாயிற்று. உங்க கைப்பக்குவம்தான் என்று தெருவே மனைவி ஹெலனைப் பாராட்டியது. ஹெலன் பாவம், ஆமாம் என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல் சிரித்து வைத்தாள்.

பிறகு மாத்திரையைக் குறைக்கும் காலம் வந்தது. டாக்டர் ஒரு தாளில் தேதி போட்டு, இருபது மில்லிகிராமிலிருந்து படிப்படியாக இறங்கி ஆறு மாதத்தில் பூஜ்யம் என்று எழுதினார். தொழிற்பேட்டை ஆட்களைப் பார்த்துப் பழகியவர், அவர்கள் பாஷையிலேயே விளக்கமும் சொன்னார். உடம்புக்குள் இதே மருந்தைச் சுரக்கிற பெர்மனென்ட் ஆள் ஒருவன் இருக்கிறான். வெளியிலிருந்து கான்ட்ராக்ட் ஆள் வந்து வேலையைப் பார்க்கவும் அவன் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். கான்ட்ராக்ட் ஆளை ஒரே நாளில் அனுப்பிவிட்டால் உள்ளே வேலை பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். அவன் எழுந்திருக்க நாளாகும், அதுவரை களைப்பு வரும். களைத்த பிறகு உட்காராதீர்கள், களைப்பதற்கு முன்னாலேயே உட்காருங்கள். பெரிய வேலையைத் துண்டு போடுங்கள். தலை சுற்றினாலோ வாந்தி வந்தாலோ உடனே எனக்கு ஃபோன் செய்யுங்கள். பாக்கியநாதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இத்தனையிலும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு சொல்: குறைக்கலாம்.

உட்கார்ந்தால்தான் என்ன என்று கேட்கிறீர்களா? அந்த ஆலையில் ஸ்டோர்ஸ் என்று ஓர் அறை உண்டு. அதில் ஒரு நாற்காலி உண்டு. உடம்புக்கு முடியாது என்று வாயைத் திறந்தவர்களை அதில்தான் கொண்டுபோய் வைப்பார்கள். நட்டு, போல்ட்டு எண்ணிக்கொண்டு, ஃபர்னஸ் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற வேண்டியதுதான். போதாக்குறைக்கு வருடாந்தர ஷட்டவுன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஃபர்னஸை அணைத்து, உள்ளே செங்கல் மாற்றும் அந்த வேலையைப் பதினோரு வருஷமாகப் பாக்கியநாதன்தான் முன்நின்று நடத்துகிறார். நின்று நடத்துகிறார் என்பதைக் கவனியுங்கள். அந்த நெருப்பின் முன்னாலிருந்து தன்னை எடுத்துவிடுவார்களோ என்று அவருக்கு உள்ளுக்குள் உதறல்.

ஆகவே ஒளித்தார். எப்படியெல்லாம் ஒளித்தார்! ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினால் யாராவது இடம் கொடுப்பார்கள். "இதோ எறங்கப் போறேன்" என்று கம்பியைக் கட்டிக்கொண்டு, நடுவில் எளாவூர் ஒரு ஸ்டேஷன்தான் என்றாலும், நாலு தடவை கண்ணை மூடித் திறப்பார். ஆலையில் அவருடைய சேஃப்டி ஷூவின் கயிறு ஒரு ஷிஃப்டுக்குப் பதினோரு தடவை அவிழும். அறிவிப்புப் பலகையின் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு வருஷத்துக்கு முந்தைய ரத்ததான முகாம் அறிவிப்பைப் பத்து நிமிஷம் படிப்பார். உருளைக்கு அடியில் ஒரு பேரிங் இருக்கிறது. அதைச் சோதிக்க வேண்டுமானால் குந்தியே ஆகவேண்டும். ஆலை தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பேரிங்கை யாரும் அத்தனை அக்கறையாகப் பார்த்ததில்லை. சர்ச்சிலோ, பிரசங்கம் அரை மணியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர் இப்போது ஒன்றே கால் மணி நேரமும் பெஞ்சில் ஆனந்தமாக அமர்ந்திருந்தார். அவருடைய விசுவாசம் வளர்ந்துவிட்டதாகப் போதகருக்கு ஒரே சந்தோஷம்.

வீட்டில் ஒளிப்பதுதான் கஷ்டம். ஒரு மாலை மொட்டை மாடிக்குப் போகிற படியில், பாதி வழியில், கையில் ஒரு குழாய் வாஷரோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க, படியிலயே உக்காந்துட்டீங்க?" என்றாள் ஹெலன்.

"காத்து வருது."

"ரெண்டு பக்கமும் செவுருதான கீது?"

பாக்கியநாதன் சுவரைப் பார்த்தார். பழைய சுவர் என்றார். ஹெலன் உள்ளே போனாள். இரண்டு தம்ளர் டீ கொண்டுவந்து, ஒரு படி கீழே தானும் உட்கார்ந்துகொண்டாள்.

இத்தோடு விட்டிருந்தால் பாதகமில்லை. ஆனால் மனிதர் மாசக்கடைசி டார்கெட்டில் ஊறியவர். எந்தத் தாளில் எண்ணும் தேதியும் பக்கம் பக்கமாக இருந்தாலும், அதைத் தேதிக்கு முன்னாலேயே முடித்துக் காட்டவேண்டும் என்று கை பரபரக்கும். பதினைந்தில் இருந்தவர் ஒரு திங்கட்கிழமை நடுவிலிருந்த படிகளைத் தாண்டி ஏழரைக்குக் குதித்தார். டாக்டரைக் கேட்டாரா? கேட்கவில்லை. ஷட்டவுனுக்கு முன்னால் மாத்திரைக்கும் ஷட்டவுன் என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

இரண்டு நாள் ராஜா. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று கண்ணாடியிடம் பேசினார். மூன்றாம் நாள் சாப்பாட்டு டப்பா கனத்தது. நாலாம் நாள் சட்டையே கனத்தது. ஐந்தாம் நாள் பல் தேய்த்துவிட்டு, அந்தக் களைப்புத் தீரக் கட்டிலில் படுத்தார். ஆறாம் நாள் ஷட்டவுன்.

ஃபர்னஸை அணைத்ததும் கதவைத் திறந்துவிட்டு ஃபேனைப் போடலாம் என்று நினைக்காதீர்கள். ஆயிரத்து இருநூறு டிகிரியில் இருந்தது மணிக்கு முப்பது டிகிரிதான் இறங்கலாம். அவசரப்பட்டால் உள்ளே இருக்கிற செங்கல் சடசடவென்று வெடித்துக் கூரையே உட்கார்ந்துவிடும். இது பாக்கியநாதனின் வேதம். அன்றைக்கு ஃபர்னஸ் ஆபரேட்டர் முனுசாமி, சீக்கிரம் வீட்டுக்குப் போகிற ஆசையில், கதவை ஒரு சாண் திறக்கலாமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டான். கிடைத்தது பாருங்கள் வசவு! செங்கல் சுருங்கவும் நேரம் வேண்டும், எறும்பு மாதிரி இறங்கவேண்டும், இருபத்தாறு வருஷமாக நான் ஒரு டிகிரி கூட... என்று கத்திக்கொண்டே வந்தவருக்குக் கண் இருட்டியது. பேரிங்கைப் பார்க்கிற பாவனையில் குந்தினார். குந்தியவரால் எழுந்திருக்க முடியவில்லை.

முனுசாமி ஒரு நிமிஷம் பார்த்தான், இரண்டு நிமிஷம் பார்த்தான். பிறகு தானும் பக்கத்தில் குந்தினான். பாக்கியநாதன் வேர்வை துடைக்கக் கைக்குட்டையை உருவியபோது டாக்டர் எழுதிய தாள் அவர் பையிலிருந்து விழுந்திருந்தது. முனுசாமி எடுத்துப் படித்தான். வாரம், எண், வாரம், எண். பதினைந்துக்கும் ஏழரைக்கும் நடுவிலிருந்த படிகள் எல்லாம் அடிக்கப்பட்டு, ஏழரைக்கு ஒரு வட்டம்.

"இன்னாண்ணா இது, நம்ப ஃபர்னஸ் சார்ட்டு மாதிரியே கீது?" என்றான். பிறகு விரலை அந்த வட்டத்தில் வைத்தான். "பதினஞ்சுலேர்ந்து ஒரே குதியா ஏழரைக்கு எறங்கிக்கினியே. உள்ள கீற செங்கல்லு தாங்குமா?"

முனுசாமி காலி பெயின்ட் டிரம் ஒன்றை உருட்டி வந்து கவிழ்த்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, அதன்மேல் அவரை உட்காரவைத்தான். ஃபர்னஸுக்கு நேர் எதிரே, பத்துப் பேர் பார்க்க, பாக்கியநாதன் உட்கார்ந்தார். அவருக்கு அவமானமாக இருந்தது, சுகமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் வந்தது.

அந்த நேரம் பார்த்தா ஆலை மேனேஜர் சந்திரமோகன் வரவேண்டும்! நாற்காலியே பிடிக்காதவர், மீட்டிங்கைக்கூட நடந்துகொண்டே நடத்துவார், அவர் சுறுசுறுப்பைப் பார்த்து ஆலையே பயந்திருந்தது. பாக்கியநாதன் எழுந்திருக்க முயன்றார். கால் கேட்கவில்லை. ஸ்டோர்ஸ் நாற்காலி கண்முன் வந்து நின்றது. இனி ஒளிக்க ஷூ கயிறும் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை.

"சார், நான் ஸ்டீராய்டு மாத்திரையைக் கொறச்சுக்கினு வரேன். நடுநடுவுல உக்காந்தாதான் என்னால நிக்க முடியும்" என்றார்.

மேனேஜர் அக்கம்பக்கம் பார்த்தார். குனிந்தார். குரலைத் தணித்தார்.

"இப்ப எத்தனை மில்லிகிராம்?"

அப்படி ஒரு கேள்வியை யார் கேட்பார்கள்? பாக்கியநாதன் நிமிர்ந்து, அந்த முகத்தை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார். உருண்டையான, உப்பிய முகம். வசதி வந்ததால் வந்த சதை என்று ஆலை முழுக்கப் பேசிக்கொண்ட முகம். முனுசாமி யாரும் சொல்லாமலே இன்னொரு டிரம்மைக் கவிழ்த்தான். சந்திரமோகன் அதில் உட்கார்ந்து, எட்டு மாதமாக அடக்கிவைத்திருந்த ஒரு பெருமூச்சை விட்டார். தனக்குப் பன்னிரண்டரையாம், குடல் அழற்சியாம், நடந்துகொண்டே மீட்டிங் நடத்தியது உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்கிற பயத்தினாலாம். கடைசியில் இரண்டு உத்தரவு போட்டார். ஷட்டவுனைப் பாக்கியநாதன்தான் பார்க்கவேண்டும், உட்கார்ந்து பார்க்கவேண்டும். அதற்கு முன்னால், இந்த நிமிஷமே டாக்டருக்கு ஃபோன் செய்யவேண்டும்.

டாக்டர் உடனே வரச்சொன்னார், ஹெலன் எதிரிலேயே வெளுத்து வாங்கினார், மறுபடி பதினைந்துக்கு ஏற்றிப் புதுத் தாள் எழுதினார். பூஜ்யத்தைத் தொட இரண்டு மாதம் கூடிப்போயிற்று. அந்தத் தாளை ஹெலன் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். பேனாவை மட்டும் பாக்கியநாதன் கைக்கு எட்டாமல் வைத்தாள். ஃபர்னஸ் எதிரே இப்போது ஐந்து டிரம்கள். முனுசாமிக்குச் சர்க்கரையாம், கிரேன் ஓட்டுகிற தானியேலுக்கு இடுப்பாம்; ஒருவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்களுக்கு வலி ஞாபகம் வந்தது.

நல்லவேளை, நீங்கள் இந்த இனமில்லை. யாராவது கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்கிறவர் நீங்களா என்ன? கதவு நிலையில் தோளைச் சாய்த்தபடி இதைப் படிக்கிறீர்கள் என்றால், அது சும்மா சாய்ந்ததுதான். நாற்காலியில் இருக்கிறீர்களா, ரொம்ப நல்லது, எழுந்திருக்காதீர்கள். ஒன்றை மட்டும் எனக்குச் சொல்லுங்கள், வீட்டில் யாரிடமும் நான் சொல்லமாட்டேன்: இதைப் படிப்பதற்காக உட்கார்ந்தீர்களா, உட்காருவதற்காக இதைப் படித்தீர்களா?