மாப்பெட்டிக்குள் பதினொரு முட்டை

பாரிசில் எங்கள் ஆட்கள் எதையும் வளர்ப்பார்கள். தாடி வளர்ப்பார்கள், தொப்பை வளர்ப்பார்கள், ஊருக்கு ஒரு சங்கம் வளர்த்து, அதை மூன்றாக உடைத்து, மூன்றையும் வளர்ப்பார்கள். பாம்பு வளர்த்தவர் எனக்குத் தெரிய ஒருவர்தான். எங்கள் கடைகள் நிறைந்த லா சப்பல் முழுக்கத் தேடினாலும் அவரைவிடக் கடுகடுத்த முகத்தையும், அவரைவிட நல்ல தோசைமாவையும் காண முடியாது.

புளிச்சமா என்று கூப்பிடுவோம். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அகதி விண்ணப்பத்தை நிராகரித்து வந்த கடிதத்தில்தான் கடைசியாக அச்சாகியிருந்தது. அதனால் அந்தப் பெயரில் அவருக்கே மரியாதை இல்லை.

2009 முடிகிற நேரம் வன்னியிலிருந்து வந்தவர். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நாலு நாடு அலைந்து, அவருக்குச் சற்று முன்தான் அங்கே வந்து சேர்ந்திருந்தேன். அங்கே ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. நான் கோப்பை கழுவினேன், அவர் மா அரைத்தார். இருவருக்கும் படுக்கை நகருக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில், ஐந்து பேர் அடைந்து கிடந்த ஓர் அறையில்.

பாரிஸ் குளிரில் மா புளிக்காது. புளிச்சமா, பழுதான ஒரு பிரிட்ஜுக்குள் குண்டு பல்ப் ஒன்றைத் தொங்கவிட்டு அதற்குள் மாச்சட்டிகளை அடுக்கியிருந்தார். அதுதான் மாப்பெட்டி. கதவைத் திறந்து மணிக்கட்டை உள்ளே நீட்டி, "இருபத்தெட்டு" என்பார். முதலாளி நம்பாமல் வெப்பமானி வாங்கி வந்து பார்த்தார். இருபத்தெட்டு. மறுநாளே வெப்பமானியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முதலாளி பக்திமான். நெற்றியில் திருநீறு, மேசையில் பிள்ளையார், வாயில் வாக்குறுதி. விசா இல்லாதவனுக்கு வேலை தருகிறேன் என்று ஒரு முதலாளி கடுதாசியில் கையெழுத்து வைத்தால்தான் பிரிபெக்தூர் என்கிற அரச அலுவலகத்தில் வதிவிட அட்டை கேட்கலாம். புளிச்சமா அந்தக் கடுதாசியை நிரப்பி, மடிப்புக் குலையாமல் சட்டைப்பைக்குள் மூன்று வருடம் வைத்திருந்தார். முதலாளி முதலில் தீபாவளி முடியட்டும் என்றார். பிறகு யேசுவின் நத்தார் முடியட்டும், பிள்ளையாரின் தேர் முடியட்டும். எங்கள் சமயத்தில் இத்தனை திருநாள் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமைகளில் மிஷேல் என்று ஒரு மொட்டைத்தலை வெள்ளைக்காரன் வந்து இரண்டு மசாலாத் தோசை தின்பான். கழுத்தைச் சுற்றிப் பாம்பைப் பச்சை குத்தியிருந்தான். புளிச்சமாவுக்குத் தெரிந்த நாற்பது பிரெஞ்சுச் சொற்களில் பாதி மரக்கறிகளின் பெயர். அதை வைத்துக்கொண்டு இருவரும் மணிக்கணக்காகப் பேசினார்கள். ஒருநாள் மிஷேலின் மனைவி, குழந்தை பிறக்கப் போகிறது, வீட்டில் ஒன்று நான் இருப்பேன், இல்லையென்றால் நீ வளர்க்கிற பாம்புகள் இருக்கும் என்று சொல்லிவிட்டாள். அடுத்த சனி அவன் இரண்டு பெட்டியோடு வந்தான். ஆண் ஒன்று, பெண் ஒன்று. சோளப் பாம்பு என்று பெயர். செம்மஞ்சள் உடம்பு, சிவப்புத் திட்டு, விசம் கிடையாது. சோளமும் தின்னாது, எலிதான். எப்படி வளர்ப்பது, எப்படிக் குஞ்சு எடுப்பது என்று படம் கீறி ஒரு தாளும் தந்தான்.

இந்தச் சனியன்கள் எதற்கு என்று கேட்டேன். புளிச்சமா உழுந்து கழுவிக்கொண்டே சொன்னார்:

"பங்கருக்குள்ளை ஒண்டு இருந்தது. நாங்கள் ஏழு பேர், அது ஒண்டு. அது ஒருத்தரையும் கடிக்கேல்லை. மேலை இருந்தவங்கள்தான்..."

கிரைண்டரைப் போட்டார். 

பாம்புப் பெட்டிகள் எங்கள் அறைக்குப் போயின. அங்கே கலவரம் பாம்பால் வரவில்லை, பாம்பின் சாப்பாட்டால் வந்தது. உறைந்த எலிகள் பைக்கற்றில் விற்கும். புளிச்சமா அவற்றை எங்கள் பிரிட்ஜின் ஐஸ் தட்டில் வைத்தார். எங்களில் ஒருவர் வெள்ளிக்கிழமை விரதக்காரர். அவர் ஒரு வெள்ளி காலை ஐஸ் எடுக்கப் போய் எலியின் வாலை இழுத்துவிட்டார். உடனே கூட்டம் கூட்டினோம். ஐந்து பேரும் கட்டிலில் குந்தியிருந்து இரண்டு மணி நேரம் பேசி, வெள்ளிக்கிழமைகளில் எலிகள் வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்று முடிவெடுத்தோம். அந்த இலையுதிர் காலம் முழுக்க, வெள்ளிதோறும் எங்கள் யன்னலுக்கு வெளியே ஒரு பை தொங்கியது. கீழ்வீட்டு ஆபிரிக்கப் பெண் அதை எங்கள் சமயச் சடங்கு என்று நினைத்து, அந்தப் பக்கம் போகும்போது தலைகுனிந்து போவாள்.

மிஷேலின் தாளில் அடுத்த படம் கொட்டும் பனி. குளிர்காலத்தில் இரண்டு மாதம் குளிரிலும் பட்டினியிலும் போட்டால்தான் பாம்புகள் வசந்தத்தில் சோடி சேருமாம். அந்தக் கணக்கில் எங்கள் அறையிலிருந்த ஐந்து பேரும் எப்போதோ குடும்பஸ்தர் ஆகியிருக்க வேண்டும்.

சொன்னபடியே வசந்தத்தில் சேர்ந்தன. ஆனி நடுவில் பெண் பாம்பு பதினொரு முட்டை இட்டது. வெள்ளையாக, தோல்போல மெத்தென்று இருந்தன. முட்டையைப் புரட்டக்கூடாது, ஈரப் பாசியில் வைக்க வேண்டும், இருபத்தெட்டுப் பாகை, அறுபது நாள். தாளின் கடைசிப் படத்தில் மிஷேல் பொரிக்கும் பெட்டியைக் கீறியிருந்தான்: பழைய பிரிட்ஜ், உள்ளே ஒரு பல்ப். புளிச்சமா அதைப் பார்த்துச் சிரித்தார். மூன்று வருடத்தில் நான் கண்ட ஒரே சிரிப்பு.

"உது எங்கடை மாப்பெட்டியடா."

கீழ்த்தட்டின் மூலையில், மாச்சட்டிகளுக்குப் பின்னால் முட்டைப் பெட்டி போனது. அந்த இரண்டு மாதம் அங்கே தோசை தின்றவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: பெட்டிக்கு இறுக்கமான மூடி இருந்தது. பெரும்பாலான நாட்களில்.

அறுபத்திரண்டாம் நாள் தேர் வந்தது. லா சப்பல் தெருக்களில் பிள்ளையார் தேரில் வர, தேங்காய் மலைமலையாக உடையும். எங்கள் கடைக்கு வருடத்தின் பெரிய வியாபாரம் அன்றுதான். புளிச்சமா மூன்று கல்லில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். கை ஓயாததால் முதலாளியே மா எடுக்கப் போனார்.

அவர் சத்தம் போடவில்லை. முட்டைப் பெட்டியை இரண்டு கையிலும் பிரசாதம்போல ஏந்திக்கொண்டு, கண் கலங்க வெளியே வந்தார். ஐந்து முட்டை கிழிந்து, பென்சில் தடிப்பில் ஐந்து குட்டிகள் நெளிந்தன. பிள்ளையாரின் இடுப்பில் கட்டியிருப்பது நாகம். பிள்ளையாரின் நாளில், அவருடைய கடையில் நாகம் பிறந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்கும் நிலையில் அவர் இல்லை. குட்டிகளைத் தாம்பாளத்தில் வைத்துப் பால் ஊற்றிக் குங்குமம் தூவி, கடைவாசலில் மேசை போட்டுவிட்டார். அரைமணி நேரத்தில் நாகதோசமுள்ள பெண்பிள்ளைகளின் தாய்மார் வரிசையில் நின்றார்கள். நாற்பது கைபேசிகள் படம் எடுத்தன.

புளிச்சமா மாக்கையோடு வெளியே வந்தார்.

"அண்ணை, பாம்பு பால் குடியாது."

"உனக்கென்ன தெரியும்? ஊரிலை புத்துக்குப் பால் வாக்கிறேல்லையே?"

"புத்து குடிக்கும், அண்ணை."

ஒரு குட்டி பாலுக்குள் மூக்கு அமிழ்ந்து அசையாமல் கிடந்தது. அவர் அதை எடுத்துத் துவாயால் துடைத்தார். உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். பிறகு சட்டைப்பைக்குள், அந்தக் கடுதாசிக்குப் பக்கத்தில் வைத்தார். மற்ற நாலையும் எடுக்கக் கை நீட்டினார்.

சனம் முணுமுணுத்தது. முதலாளி அவருடைய கையைப் பிடித்தார்.

"இண்டைக்கு ஒரு நாள் உதிலை கிடக்கட்டும். நாளைக்கு உன்ரை கடுதாசியிலை கையெழுத்து வைக்கிறன். பிள்ளையார் சாட்சி."

நாற்பது பேருக்கு முன்னால் சொன்ன சொல். இந்த முறை அவரால் தப்ப முடியாது. எனக்கு அது விளங்கியது, புளிச்சமாவுக்கும் விளங்கியிருக்கும். "ஒரு நாள்தானே, அண்ணை" என்று புளிச்சமாவின் காதுக்குள் சொன்னவன் நான்தான். அதை மறைக்கவில்லை.

அவர் முதலாளியின் கையை மெதுவாக விலக்கினார்.

"அறுபது நாள் எண்டு மிஷேல் எழுதித் தந்தவன். அறுபத்திரண்டாம் நாள் வந்து நிக்குதுகள். இந்த நாட்டிலை எனக்குச் சொன்ன சொல்லுக்கு வந்தது இதுகள் மட்டும்தான்."

நாலு குட்டிகளையும் தன் சாப்பாட்டுப் பெட்டிக்குள் விட்டு மூடினார். ஏப்ரனைக் கழற்றி, மடித்து, தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தேர்ச்சனத்துக்குள் இறங்கிப் போய்விட்டார். உள்ளே மூன்று கல்லிலும் தோசை கருகிக்கொண்டிருந்தது.

பொரிக்காத ஆறு முட்டைகள் பெட்டியோடு அங்கேயே கிடந்தன. நாகம் போனதும் முதலாளிக்குப் பக்தியும் போய்விட்டது. "உதைக் குப்பையிலை போடு" என்றார் என்னிடம். கொண்டு போனேன். எனக்குப் பாம்பென்றால் சிறுவயதிலிருந்தே உடம்பு நடுங்கும். குப்பைத்தொட்டியின் மூடியைத் திறந்தும் விட்டேன்.

பிறகு ஜக்கெற்றைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். முட்டை புரளக்கூடாது. ஓல்னே வரை பாற்குடம் எடுக்கிறவன் மாதிரி விறைத்து நின்றேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவி எனக்கு வயிற்றுவலி என்று நினைத்துத் தன் இருக்கையைத் தந்தாள். நான் அதில் இருக்கவில்லை.

அறையில் புளிச்சமா மூடியைத் திறந்து மணிக்கட்டை உள்ளே நீட்டினார்.

"இருபத்தாறு" என்றார். மூடியைப் போட்டுவிட்டு, "பரவாயில்லை."

நாலு பொரித்தன.

கடையில் மா புளிக்கவில்லை. முதலாளி பாண் போடுகிற ஈஸ்டைக் கலந்தார். தோசை பாண் மாதிரி மணத்தது. அடுத்த வருடம் நான் என் கடுதாசியை நீட்டினேன். தேர் முடியட்டும் என்றார். நானும் வெளியேறினேன். புளிச்சமா குட்டிகளை மிஷேலின் சிநேகிதர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தெற்கே எங்கோ போனார். வதிவிட அட்டை கிடைத்துவிட்டது என்கிறார்கள் சிலர், பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்கிறார்கள் சிலர். சொல்கிறவர்கள் யாருக்கும் அவருடைய உண்மையான பெயர் தெரியாது. அதனால் விசாரிக்கவும் வழியில்லை.

அதன்பிறகு ஆறு சாப்பாட்டுக் கடைகளின் குசினிகளில் வேலை செய்துவிட்டேன். எந்தக் குசினியிலும் மாப்பெட்டியைத் திறந்ததும் என் கை மாச்சட்டிக்குப் போவதில்லை. முதலில் குனிந்து, கீழ்த்தட்டின் மூலையைப் பார்க்கிறேன்.